பிரஷர் ஏறுது... ஆனா காரணம் எங்கே இருக்கு?

உங்க வீட்டில் அக்காவோ அண்ணியோ கர்ப்பமா இருந்தா, பீரோவிலோ ஹேண்ட்பேக்கிலோ ஒரு தாய்-சேய் நல அட்டை இருக்கும். ஸ்கேன் படத்தை நாம எல்லாரும் ஃபோனில் வாங்கிப் பார்த்திருப்போம், ஃபேமிலி குரூப்பில் ஹார்ட் போட்டிருப்போம். அந்த அட்டையைத் திறந்து படிச்சவங்க எத்தனை பேர்? அதில் ஒவ்வொரு செக்கப்பிலும் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம் என்று வரிசையா எழுதியிருப்பாங்க.

கற்பனையா ஒரு அட்டையை எடுத்துக்குவோம். 3-ம் மாதம் 112/72. 5-ம் மாதம் 104/66. 7-ம் மாதம் 116/74. 8-ம் மாதம் 144/94.

அன்னிக்கு வீட்டில் என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். "நீ சும்மா சும்மா டென்ஷன் ஆகுற, அதான்" என்பார் ஒருத்தர். "ஊறுகாயைத் தொடாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?" என்பார் இன்னொருத்தர். "கர்ப்பம்னா கால் வீங்கத்தான் செய்யும், நாங்கள்லாம் பெத்துக்கலையா?" என்று மூணாவது குரல் வரும். மூணு பேரும் அன்பாத்தான் சொல்றாங்க. ஆனா மூணு பேரும் தப்பான இடத்தில் தேடுறாங்க. 8-ம் மாதம் அட்டையில் ஏறிய அந்த எண்ணுக்கான காரணம், பல பேருக்கு 3-ம் 4-ம் மாதத்திலேயே கருப்பைக்குள் நடந்து முடிந்திருக்கும். அங்கே ஒரு குழாய் வேலை பாதியில் நின்றுபோயிருக்கும். அதை அந்தப் பெண் உணர்ந்திருக்கவே முடியாது.

"நாம என்ன மெடிக்கல் காலேஜா, நமக்கு எதுக்கு இது?" என்று ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. இது அழுத்தம், ஓட்டம், தடை, சிக்னல் பற்றிய கதை. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர் வைத்தவங்களுக்கும் புரியும், கியாரண்டி.

முதலில் பெயர்களைத் தெளிவா வைத்துக்குவோம்

கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு, இரண்டு தடவை அளந்தும் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, அது கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம். மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று தாண்டினாலே கணக்குதான். அதோடு சிறுநீரில் புரதம் கசிந்தாலோ, கல்லீரல், சிறுநீரகம், மூளை, ரத்தத் தட்டணுக்கள் இவற்றில் ஏதாவது பாதிக்கப்பட்டாலோ, அதற்குப் பெயர் ப்ரீஎக்லாம்ப்சியா. அது முற்றி வலிப்பு வந்துவிட்டால் எக்லாம்ப்சியா. ஊரில் பெரியவங்க "பிரசவ ஜன்னி" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். எக்லாம்ப்சியா என்ற சொல்லின் கிரேக்க வேர் மின்னல் வெட்டைக் குறிப்பது. வானம் தெளிவா இருக்கும்போதே வெட்டிய மின்னல் மாதிரி வந்ததால் அந்தப் பெயர்.

20 வாரத்துக்கு முன்பே பிரஷர் இருந்தால், அது பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இருந்த பிரஷர். அது தனிக் கணக்கு, ஆனா அவங்களுக்கும் ப்ரீஎக்லாம்ப்சியா வரும் வாய்ப்பு கூடுதல்.

100 கர்ப்பங்களில் ஏறத்தாழ 2 முதல் 8 வரை ப்ரீஎக்லாம்ப்சியா வருகிறது. உலக அளவில் கர்ப்பம், பிரசவம் தொடர்பாக இறக்கும் தாய்மார்களில் சுமார் ஏழில் ஒருவர் இந்த ரத்த அழுத்தக் கோளாறுகளால்தான் இறக்கிறார்.

ஒரு சின்னக் கணக்கு

ஓம் விதி எல்லாருக்கும் தெரியும். ரத்த ஓட்டத்துக்கும் அதே மாதிரி ஒன்று உண்டு: அழுத்தம் = ஓட்டம் × தடை. ஓட்டம் என்பது நிமிடத்துக்கு இதயம் தள்ளும் ரத்தம். தடை என்பது உடம்பிலுள்ள சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் எல்லாம் சேர்ந்து தருவது.

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. இதயம் தள்ளும் ரத்தமும் 30 முதல் 50 சதவீதம் கூடுகிறது. அப்போ அழுத்தம் ஏறணும் இல்லையா? ஆனா ஆரோக்கியமான கர்ப்பத்தில் 5-ம் மாதத்தை ஒட்டி அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது. மேலே நம்ம கற்பனை அட்டையில் 104/66 பார்த்தீங்களே, அது அதுதான்.

ஓட்டம் 1.4 மடங்கு, அழுத்தம் 0.95 மடங்கு என்று வைத்தால், தடை 0.95 ÷ 1.4 = சுமார் 0.68 மடங்கு. அதாவது உடம்பு முழுக்க ரத்தக் குழாய்கள் தளர்ந்து, மொத்தத் தடையில் மூணில் ஒரு பங்கைக் குறைத்திருக்கின்றன. கர்ப்பம் என்பதே ரத்தக் குழாய்களுக்கு ஒரு பெரிய தளர்வுக் காலம். ப்ரீஎக்லாம்ப்சியாவில் நடப்பது இந்தத் தளர்வு கைநழுவிப் போவது. ஆக, "பிரஷர் ஏன் ஏறுச்சு?" என்பதை "குழாய்கள் ஏன் திரும்ப இறுகுது?" என்று மாற்றிக் கேட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

குற்றவாளி யார்? இரண்டு தடயங்கள்

முதல் தடயம்: குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்தபின் இந்த நோய் தணிய ஆரம்பிக்கிறது. சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகும் சில நாள், சில வாரம் இழுக்கும், சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகே முதல்முறை தலைகாட்டும் என்றாலும், மூலம் போனால்தான் நோய் போகும்.

இரண்டாவது தடயம் இன்னும் சுவாரஸ்யம். முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்று ஒன்று உண்டு. அதன் முழுமையான வகையில் கரு உருவாகாமலே, நஞ்சுக்கொடித் திசு மட்டும் திராட்சைக் கொத்து மாதிரி வளரும். அங்கே குழந்தையே இல்லை. ஆனாலும் ப்ரீஎக்லாம்ப்சியா வருகிறது, அதுவும் 20 வாரத்துக்கு முன்பே வரக்கூடும். அப்படின்னா இதற்குக் குழந்தை தேவையில்லை, நஞ்சுக்கொடி இருந்தால் போதும்.

நஞ்சுக்கொடிக்கு ரத்தம் எப்படிப் போகுதுன்னு பார்த்தாதான் அடுத்த படி புரியும்.

சுருள் குழாய்களும் தோட்டத்து ஹோஸும்

கருப்பையின் உள்சுவரில் ஸ்ப்ரிங் மாதிரி சுருண்ட தமனிகள் இருக்கு. சுருள் தமனிகள் என்று பெயர். நஞ்சுக்கொடிக்கு அடியில் சுமார் 100 தமனிகள் வாய் திறக்கின்றன. கர்ப்பத்துக்கு முன் இவை மெல்லிய, தசை நிறைந்த குழாய்கள். மூளை உத்தரவு போட்டாலோ, ரத்தத்தில் அட்ரினலின் ஏறினாலோ சட்டென்று சுருங்கிவிடும். வளரும் குழந்தையின் ரேஷனை இப்படி மூடித் திறக்கும் வால்வுகளிடம் ஒப்படைக்க முடியுமா?

அதனால் முதல் சில மாதங்களில் ஒரு பெரிய ரெனோவேஷன் நடக்கிறது. நஞ்சுக்கொடியிலிருந்து ட்ரோஃபோபிளாஸ்ட் என்ற செல்கள் கிளம்பி, அம்மாவின் கருப்பைச் சுவருக்குள் நுழைந்து, இந்தத் தமனிகளின் தசையைக் கரைத்து, சுவரையே மாற்றிக் கட்டுகின்றன. கருப்பைத் தசையின் உள் மூணில் ஒரு பங்கு வரைக்கும் இந்த வேலை இறங்கும். வேலை முடிந்ததும் தமனியின் வாய் புனல் மாதிரி, பழைய விட்டத்தைவிடப் பல மடங்கு அகன்று நிற்கும். சுருக்கத் தசை இல்லாததால் அம்மா பயந்தாலும் கோபப்பட்டாலும் அந்த வாய் மூடாது. ஐவோ பிரோசன்ஸ், ராபர்ட்சன், டிக்சன் ஆகியோர் 1960-களிலும் 70-களிலும் கருப்பைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து இதை விவரித்தாங்க. ப்ரீஎக்லாம்ப்சியா வந்த பெண்களிடம் இந்த மாற்றம் ஆழமா இறங்காமல் மேலோட்டமாவே நின்றுபோயிருந்ததை 1972-ல் எழுதினாங்க.

நம்ம ஆட்கள் உடனே புவாஸேய் விதியை எடுப்பாங்க: ஆரம் இரண்டு மடங்கானால் தடை 16-ல் ஒரு பங்கு. ஆமா, சரிதான். ஆனா இங்கே அளவைவிட வேகம்தான் பெரிய விஷயம். தோட்டத்தில் தண்ணீர் விடும்போது ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினா என்ன ஆகும்? தண்ணீர் பீய்ச்சி அடித்து நாற்றைச் சாய்த்துவிடும். விரலை எடுத்தா நிதானமா வழியும், வேர் குடிக்கும். கேம்பிரிட்ஜின் கிரஹாம் பர்ட்டனும் சகாக்களும் 2009-ல் போட்ட கணக்கு இதேதான். மாற்றிக் கட்டிய தமனியில் ரத்தம் விநாடிக்கு சுமார் 10 செ.மீ. வேகத்தில் நஞ்சுக்கொடிக்குள் வழியும். கட்டாத தமனியில் விநாடிக்கு 1 முதல் 2 மீட்டர் வேகத்தில் பீய்ச்சும். நஞ்சுக்கொடியின் மென்மையான கிளைகள் அந்த அடியைத் தாங்காது.

இன்னொரு சேதமும் உண்டு. தசை மிச்சம் இருக்கும் குழாய் அவ்வப்போது சுருங்கும், திறக்கும். ரத்தம் வரும், நிற்கும், திரும்ப வரும். அடிக்கடி கரண்ட் போய் வந்தா ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் என்ன கதி ஆகும்? கரண்ட் இல்லாததைவிட, போய்ப் போய் வருவதுதான் மோசம். நஞ்சுக்கொடி செல்களுக்கும் அப்படித்தான். ஆக்சிஜன் ஏறி இறங்கும்போது தீவிரமான ஆக்சிஜன் துணுக்குகள் உண்டாகி செல்லை உள்ளுக்குள்ளேயே அரிக்கின்றன.

வேலை ஏன் பாதியில் நின்றது?

இங்கேதான் நோய் எதிர்ப்பு மண்டலம் வருகிறது. 1953-ல் பீட்டர் மெடவார் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார். அடுத்தவர் சிறுநீரகத்தை வைத்தால் உடம்பு விரட்டுது. குழந்தையில் பாதி அப்பாவுடைய மரபணு, அதாவது பாதி அந்நியம். அதை மட்டும் அம்மாவின் உடம்பு ஏன் ஒன்பது மாதம் விட்டுவைக்குது? பின்னாளில் வேறு ஆய்வுக்காக நோபல் வாங்கிய மெடவாரின் இந்தக் கேள்விக்கு இன்னைக்கும் புதுப்புது பதில்கள் வந்துகிட்டே இருக்கு.

பதிலில் பாதி, நஞ்சுக்கொடி போடும் வேஷம். மாற்று உறுப்பு நிராகரிக்கப்பட முக்கியக் காரணமான எச்.எல்.ஏ.-ஏ, எச்.எல்.ஏ.-பி என்ற அடையாள அட்டைகளை ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் காட்டுவதே இல்லை. எச்.எல்.ஏ.-சி, ஈ, ஜி என்ற மூன்றை மட்டும் காட்டும்.

மறுபாதி இன்னும் ஆச்சரியம். அந்த அட்டைகளைப் படிக்க வாசலில் நிற்பவர்கள் அம்மாவின் என்.கே. செல்கள். இயற்கைக் கொல்லி செல்கள் என்பது பெயர். முதல் மூன்று மாதங்களில் கருப்பை உள்சுவரிலுள்ள வெள்ளை அணுக்களில் சுமார் 70 சதவீதம் இவைதான். பெயரைப் பார்த்தா கொலைகாரப் படை மாதிரி இருக்கா? கருப்பையில் இவற்றின் வேலை வேற. இவை சுரக்கும் பொருள்கள் தமனிச் சுவரைத் தளர்த்தும், ட்ரோஃபோபிளாஸ்ட்களை உள்ளே வரவேற்கும். அதாவது, செக்யூரிட்டி என்று நாம் நினைத்த ஆள்தான் உண்மையில் சைட் சூப்பர்வைசர்.

குழந்தையின் எச்.எல்.ஏ.-சி இரண்டு வகை: சி1, சி2. அதில் ஒரு பிரதி அப்பாவிடமிருந்து வருவது. அம்மாவின் என்.கே. செல்லில் இதைப் படிக்கும் ரீடர்கள் கே.ஐ.ஆர். எனப்படுபவை. சில ரீடர்கள் பச்சை விளக்கு போடும், சில சிவப்பு. கே.ஐ.ஆர். ஏஏ என்ற மரபணு அமைப்புள்ள பெண்களிடம், சி2 அட்டைக்குப் பச்சை போடும் ரீடர் கிடையாது, சிவப்பு ரீடர் மட்டும் வலுவா இருக்கும். குழந்தைக்கு சி2 வந்தால், என்.கே. செல்கள் அடங்கிப்போகும், குழாய் வேலைக்கான சிக்னல் குறைந்துபோகும். இந்த ஜோடிப் பொருத்தத்தில் ப்ரீஎக்லாம்ப்சியா கூடுதலா வருவதை கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மாஃபெட்டின் குழு 2004-ல் காட்டியது.

இதை ஒரு நிமிஷம் யோசிங்க. "நோய் எதிர்ப்பு சக்தி குழந்தையைத் தாக்குது, அதனால பிரச்சினை" என்றுதான் நாம ஊகிப்போம். இங்கே நடந்தது தலைகீழ். என்.கே. செல்கள் போதுமான அளவு வேலைக்கு இறங்காததுதான் கோளாறு. சண்டையால வந்த சேதம் இல்ல, உதவி வராததால வந்த சேதம்.

அப்பாவின் பங்கு இருப்பதற்கு வேறு ஆதாரமும் உண்டு. ஒரு பெண்ணின் கர்ப்பத்தில் ப்ரீஎக்லாம்ப்சியா வந்திருந்தால், அந்தக் கர்ப்பத்தின் தந்தைக்கு வேறொரு பெண்ணுடன் குழந்தை உருவாகும்போதும் அந்த ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 1998-ல் வெளியான நார்வே நாட்டுப் பதிவேட்டு ஆய்வு சொன்னது. முதல் கர்ப்பத்தில் இந்த நோய் அதிகம் வருவதற்கும், எதிர்ப்பு மண்டலம் அந்த "அந்நியப் பாதி"யை முதல்முறை சந்திப்பது ஒரு காரணமா இருக்கலாம். எதிர்ப்பைத் தணிக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் ஒரு கர்ப்பத்தை நினைவில் வைத்திருந்து அடுத்ததில் வேகமா வேலைக்கு வருவதை எலிகளில் பார்த்திருக்காங்க.

பார்சல் திருடும் எஸ்-ஃப்ளிட்-1

சரி, கருப்பைக்குள் 100 குழாய் கெட்டது. அதுக்கு அம்மாவின் சிறுநீரகமும் மூளையும் ஏன் பாதிக்கணும்?

இதற்கு ஒரு துப்பு புற்றுநோய் வார்டிலிருந்து வந்தது. கட்டிக்கு ரத்தக் குழாய் வளரவிடாமல் தடுக்க, வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தை முடக்கும் மருந்து கொடுப்பாங்க. அதை வாங்கிய நோயாளிகளில் சிலருக்கு பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் கசிந்தது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?

2003-ல் பாஸ்டனில், இந்தியாவில் மருத்துவம் படித்த சிறுநீரக மருத்துவர் அனந்த் கருமாஞ்சியின் குழு புள்ளிகளை இணைத்தது. ப்ரீஎக்லாம்ப்சியா வந்த நஞ்சுக்கொடிகள் எஸ்-ஃப்ளிட்-1 என்ற புரதத்தை அளவுக்கு மேல் உற்பத்தி செய்து அம்மாவின் ரத்தத்தில் விடுகின்றன என்று கண்டுபிடிச்சாங்க. அதை எலிகளுக்கு ஏற்றினதும் பிரஷர் ஏறியது, புரதம் கசிந்தது, சிறுநீரகத்தில் அதே மாதிரி மாற்றம். கர்ப்பமே இல்லாத எலிக்கும் இதே கதை.

எஸ்-ஃப்ளிட்-1 என்ன செய்யுது? ஹாஸ்டல் கேட்டை நினைச்சுக்கோங்க. உங்க பெயரில் பார்சல் வருது. நீங்க ரூமிலிருந்து இறங்கி வருவதுக்குள் ஒருத்தன் கேட்டில் நின்று "நான்தான்" என்று வாங்கிட்டுப் போயிடுறான். வி.ஈ.ஜி.எஃப்., அதன் உறவுக்காரரான பி.எல்.ஜி.எஃப். இரண்டும் ரத்தக் குழாய்களின் உள்பூச்சுக்கு வர வேண்டிய பார்சல்கள். செல்லில் ஒட்டியிருக்க வேண்டிய ஏற்பி, ஒட்டும் பகுதி இல்லாமல் ரத்தத்தில் மிதந்தால் அதுதான் எஸ்-ஃப்ளிட்-1. பார்சலை வழியிலேயே பிடித்துக்கொள்ளும்.

உள்பூச்சு என்றதும் பெயின்ட் என்று நினைக்காதீங்க. எண்டோதீலியம் என்ற அந்த ஒற்றைச் செல் அடுக்குதான் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாயைத் தளர்த்தி வைக்கிறது. பார்சல் வராமல் அது பட்டினி கிடந்தால், உடம்பு முழுக்கக் குழாய் இறுகும். தடை ஏறும். நம்ம சமன்பாட்டின்படி அழுத்தமும் ஏறும். சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்கு இந்தப் புரதம் தினப்படி தேவை, இல்லாவிட்டால் புரதம் கசியும். கல்லீரலில் செல்கள் சாகும், தட்டணுக்கள் குறையும். மூளையில் குழாய்கள் கசிந்தால் தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, கடைசியில் வலிப்பு. அட்டையில் ஏறிய பிரஷர் வெளியே தெரியும் ஒரு மீட்டர் ரீடிங் மட்டும்தான். நோய் உடம்பின் எல்லாக் குழாயிலும் இருக்கு.

நஞ்சுக்கொடி ஏன் இப்படிச் செய்யணும்? 1993-ல் டேவிட் ஹெய்க் என்ற பரிணாம உயிரியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். அபார்ட்மென்ட் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறலைன்னா என்ன பண்ணுவோம்? மோட்டாரைக் கூட்டுவோம். பசித்த நஞ்சுக்கொடியும் தனக்கு ரத்தம் வர, அம்மாவின் மொத்த லைன் பிரஷரையும் ஏற்றப் பார்க்குது. மேல்மாடிக்குத் தண்ணீர் கிடைக்கலாம், ஆனா கீழ்வீட்டு ஜாயின்ட்டுகள் உடையும். இது ஒரு கருதுகோள்தான், ஆனா பல விஷயங்களோடு பொருந்துது.

எதிர்ப்பு மண்டலத்தின் இரண்டாவது வருகை

ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் குழாய்களைச் சுருக்குவது. ஆரோக்கியமான கர்ப்பிணியின் உடம்பு இதற்கு மசியாது. ப்ரீஎக்லாம்ப்சியா வரப்போகிறவர்களிடம் இந்தக் காப்பு, பிரஷர் ஏறுவதற்குப் பல வாரம் முன்பே போய்விடுவதை 1973-லேயே கவனிச்சிருந்தாங்க. 1999-ல் பெர்லினில் வல்லுகட்டின் குழு ஒரு காரணத்தைக் கண்டது. இந்தப் பெண்களின் ரத்தத்தில், ஆஞ்சியோடென்சினின் ஏற்பியிலேயே போய் உட்கார்ந்து அதை இயக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. ஸ்விட்சை யாரோ அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்கிற மாதிரி. லூபஸ், ஆன்டிபாஸ்போலிபிட் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள் உள்ளவங்களுக்கு ப்ரீஎக்லாம்ப்சியா ஆபத்து அதிகம் என்பதும் எதிர்ப்பு மண்டலத்தின் பங்கைத்தான் காட்டுது.

ஒரு எச்சரிக்கை: எல்லாருக்கும் இதே கதை கிடையாது. 34 வாரத்துக்கு முன் வரும் கடுமையான வகைக்குத்தான் குழாய் வேலை நின்றுபோன கதை நன்றாகப் பொருந்தும். கடைசி வாரங்களில் வருவதில், அம்மாவின் குழாய்கள் ஏற்கெனவே சர்க்கரை, உடல் பருமன், பழைய பிரஷர் போன்றவற்றால் களைத்திருப்பதும், இரட்டைக் குழந்தை மாதிரி நஞ்சுக்கொடி பெரிதாகி இடமும் ரத்தமும் போதாமல் போவதும் சேரும்.

என்ன செய்ய முடியும்?

முதலில், என்ன செய்ய வேண்டாம் என்பது. உப்பைக் குறைத்தால் ப்ரீஎக்லாம்ப்சியா வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. படுத்தே கிடக்கச் சொல்வதும் தடுக்காது. இரண்டையும் தடுப்பு முறையா உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. அதனால் ஊறுகாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீங்க. அந்தப் பெண்ணையும்தான்.

ஆதாரமுள்ளவை சில இருக்கு. ஆபத்து அதிகமுள்ளவங்களுக்கு 11 முதல் 14 வாரத்தில் தொடங்கி தினம் இரவு 150 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆஸ்ப்ரே ஆய்வு 2017-ல் வெளிவந்தது. 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீஎக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாக் குறைந்தது. ஏன் அவ்வளவு சீக்கிரம் தொடங்கணும்னு இப்போ உங்களுக்கே புரியும்: குழாய் வேலை நடக்கும் காலம் அதுதான். இதை டாக்டர் சொல்லித்தான் போடணும், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கக் கூடாது. உணவில் கால்சியம் குறைவா இருக்கும் இடங்களில் கால்சியம் மாத்திரை உதவும். தினம் 500 மி.கி. கொடுத்தாலே 1500 மி.கி.க்குச் சளைக்கவில்லை என்று இந்தியாவிலும் தான்சானியாவிலும் நடந்த ஆய்வு 2024-ல் சொன்னது.

வந்துவிட்டால், கர்ப்பத்துக்கு ஏற்ற பிரஷர் மாத்திரைகள் உண்டு. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி. ஆமா, பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் பார்த்த அதே எப்சம் உப்பின் மருந்து வடிவம். 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு 2002-ல், அது வலிப்பு ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைப்பதைக் காட்டியது. ஆனா முழுத் தீர்வு பிரசவம் மட்டும்தான். 37 வாரம் ஆகியிருந்தால் முடிவு சுலபம். 28 வாரம் என்றால், அம்மாவின் உயிருக்கும் குழந்தையின் ஒவ்வொரு நாளுக்கும் நடுவில் டாக்டர்கள் தராசு பிடிக்கிறாங்க.

இந்த இடத்தில் நமக்கும் வேலை இருக்கு. எஸ்-ஃப்ளிட்-1-க்கும் பி.எல்.ஜி.எஃப்.-க்கும் உள்ள விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்கு ப்ரீஎக்லாம்ப்சியா வராது என்று ஏறத்தாழ உறுதியா சொல்லலாம் என 2016 ஆய்வு காட்டியது. இந்தச் சோதனையை மலிவா, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யும் கருவியா மாற்றுவது பொறியியல் கணக்கு. ரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு வடிகட்டிக் குழல் வழியா விட்டு எஸ்-ஃப்ளிட்-1-ஐப் பிடித்து எடுக்கும் முயற்சி சில பெண்களிடம் ஜெர்மனியில் நடந்தது, 2011-ல் முடிவுகள் வந்தன. லண்டன் கிங்ஸ் காலேஜில் உருவான கிரேடில் என்ற பிரஷர் கருவி, ஃபோன் சார்ஜரிலேயே சார்ஜ் ஆகும். எண்ணோடு சேர்த்து பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கும் காட்டும். படிக்கத் தெரியாதவரும் சிவப்பைப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லலாம். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு டாபிக் தேடுறவங்க கவனிங்க.

இன்னிக்கே செய்யக்கூடியது

அடுத்த தடவை வீட்டுக்குப் போகும்போது அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்க. பிரஷர் கட்டமும் சிறுநீர்க் கட்டமும் ஒவ்வொரு செக்கப்பிலும் நிரம்பியிருக்கா? காலியா இருந்தா அடுத்த விசிட்டில் கேட்கச் சொல்லுங்க. வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தா, அஞ்சு நிமிஷம் அமைதியா உட்கார்ந்த பிறகு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் ஊன்றி, கை இதய மட்டத்தில் இருக்க, பேசாமல் அளக்கணும். 140/90 வந்தா அன்னிக்கே டாக்டரிடம் சொல்லணும். 160/110 வந்தா, "காலையில பார்த்துக்கலாம்" என்ற பேச்சே கிடையாது, உடனே 108.

எண் இல்லாமலேயும் சில அறிகுறிகள் பேசும்: விடாத தலைவலி, பார்வை மங்குவது அல்லது மின்னுவது, வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, மூச்சு வாங்குவது. பிரசவமாகி ஆறு வாரம் வரைக்கும் இதே விதிதான். குழந்தை பிறந்துடுச்சுன்னு எல்லாரும் தொட்டில் பக்கம் திரும்பிடுவாங்க. அப்போ அம்மா "தலை வலிக்குது"ன்னா ஒருத்தராவது காது கொடுக்கணும்.

ஒருமுறை ப்ரீஎக்லாம்ப்சியா வந்தவங்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் உங்க அம்மாவிடமும் ஒரு கேள்வி கேளுங்க: "என்னைச் சுமந்தப்போ உனக்கு பிரஷர் இருந்துச்சாம்மா?" ஆமா என்றால், வருஷத்துக்கு ஒருமுறையாவது அவங்களை பிரஷர், சர்க்கரை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறது உங்க பொறுப்பு.

அந்த 8-ம் மாத எண்ணைப் பார்த்து வீட்டில் மறுபடியும் யாராவது "நீ டென்ஷன் ஆனதுதான் காரணம்" என்று ஆரம்பிச்சா, குறுக்கே பேசுங்க. இது 3-ம் மாதத்தில் நின்றுபோன குழாய் வேலை, அவ செஞ்ச தப்பு எதுவும் இல்லைன்னு சொல்லுங்க. சொல்லிட்டு, வண்டியை எடுங்க.